கை நனைக்காத வீடு

மகன்,

நீ கேட்ட சாட்சியை எழுதத்தான் உட்கார்ந்தேன். ஐந்து நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது என்று சொல்லியிருந்தாய். எழுதத் தொடங்கியதும் அது ஐந்து நிமிடத்துக்குள் அடங்காது என்று தெரிந்தது. இன்னும் கொஞ்சம் எழுதியபோது அது நீ கேட்ட சாட்சியே இல்லை என்றும் தெரிந்துவிட்டது. ஆகவே இதைக் கடிதமாகவே எடுத்துக்கொள். நீ விமானம் ஏறுவதற்கு முன் வாசிக்க வேண்டும் என்பதற்காகப் பக்கத்து வீட்டு ரீச்சரைக் கொண்டு படம் பிடித்து உன் தொலைபேசிக்கு அனுப்புகிறேன். கையால் எழுதியது நம் சபை மூப்பர் ஐயாவிடம் போகும். சபைக்கு முன்னால் பேசு என்றுதானே கேட்டாய்? சபையும் வாசிக்கட்டும். ஒளித்து வைக்க இதில் ஒன்றும் இல்லை, என்னுடைய வெட்கத்தைத் தவிர. அதையும் ஒளிக்காமல்தான் எழுதுகிறேன்.

நீ சொன்னது அப்படியே காதில் இருக்கிறது. "அப்பா, ஞாயிற்றுக்கிழமை புது மண்டபம் திறந்து நான் பிரசங்கம் செய்யிறதுக்கு முதல் நீங்கள் சாட்சி சொல்லவேணும். றூபியின்ர விசயத்தில நீங்கள் உறுதியா நிண்டனீங்கள். பெத்த பிள்ளையை விடக் கர்த்தர் பெரிசு எண்டு காட்டினனீங்கள். இந்தக் காலத்துச் சனத்துக்கு அது தேவை." நான் "ஓம், பாப்பம்" என்று சொன்னேன். சாப்பிட்டீர்களா என்று அப்போது நீ ஒரு வார்த்தை கேட்டிருந்தால் வேறு ஏதாவது சொல்லியிருப்பேனோ என்னவோ. குறை சொல்ல வரவில்லை. கனடாவில் ஒரு சபையை நடத்துகிற போதகருக்கு ஆயிரம் அலுவல் இருக்கும். ஆனாலும் கேட்டிருக்கலாம்.

சாப்பாட்டுக் கதையை நானே சொல்கிறேன். காலையில் பாண், மத்தியானம் சோறும் ஒரு கறியும், இரவுக்கு மத்தியானத்து மிச்சம். உன் அம்மா போன பிறகு மேசையில் உட்கார மனம் வருவதில்லை. வாசற்படியில் உட்கார்ந்து, வீதியைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுகிறேன். இந்த ஊர் மான்களை உனக்குத் தெரியும். இப்போது அவை இன்னும் துணிந்துவிட்டன. ஒரு பெட்டை மான் நான் சோற்றுக் கோப்பையோடு வெளியே வரும் நேரம் பார்த்துப் படலைக்குள் வந்து நிற்கும். வாழைப்பழத் தோலை அதற்குக் கொடுப்பேன். மானோடு சேர்ந்து சாப்பிடக் கூடாது என்று எந்த நிருபத்திலும் எழுதவில்லை என்று நினைக்கிறேன். நீ படித்தவன், இருந்தால் சொல். பின்னேரம் உவர்மலை ஏற்றத்தில் ஏறி நிற்பேன். குடாவுக்கு அந்தப் பக்கம், தூரத்தில், சம்பூர்ப் பக்கத்துக் கரை ஒரு பச்சைக் கோடாகத் தெரியும். மூதூர் லோஞ்ச் படகு ஓட்டிய காலத்தில் அந்தக் கோட்டை நோக்கி எத்தனையோ முறை போயிருக்கிறேன். இப்போது என் மகள் அங்கே இருக்கிறாள், நான் மலையில் நின்று பார்த்துவிட்டு இறங்கி வருகிறேன். தனிமை என்றால் ஆள் இல்லாதது என்று முன்பு நினைத்திருந்தேன். ஆள் இருந்தும் போகாமல் இருப்பதுதான் அது, மகன்.

சின்ன வயதிலேயே உனக்கு வேதத்தில் பிடித்தது கெட்டுப்போகிற கதைகள்தான். சிங்கக் கெபியும் பேழையும் உன் தங்கச்சி றூபிக்கு. உனக்குப் புழு, துரு, பூச்சி அரித்த உடுப்பு, செத்த ஈ விழுந்து நாறிப்போன தைலம். வனாந்தரத்தில் மறுநாளுக்கு என்று எடுத்து வைத்த மன்னா புழுத்து நாறியது என்று ஓய்வுநாள் பள்ளியில் கேட்டுவிட்டு வந்து, அம்மா அவித்த இடியப்பத்தை பிஸ்கட் ரின்னில் போட்டு அலுமாரிக்குப் பின்னால் ஒளித்து வைத்தாய். புழு வருகிறதா என்று பார்க்க வேண்டுமாம். புழு வரவில்லை, நாற்றம் வந்தது, வீட்டில் இருந்த எறும்பு முழுவதும் வந்தது. அம்மா ஈர்க்குக் கட்டோடு வந்து யார் வைத்தது என்று கேட்டபோது, "நான்தான்" என்று சொல்லிக் கையை நீட்டினது உன் தங்கச்சி. அவளுக்கு அப்போது இரண்டு முன் பல்லும் இல்லை. நீ அலுமாரி ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாய். பிறகு அவளுக்கு உன் ரொபி மிட்டாயைக் கொடுத்தாய் என்பதையும் சொல்ல வேண்டும், பொய் சொல்லக் கூடாது.

நம்முடைய சபை அப்பத்தில் கண்டிப்பான சபை. திருவிருந்து மேசைக்குப் போகும் அப்பத்தில் புளிப்பு ஒரு பொட்டும் சேரக் கூடாது. சனிக்கிழமை பின்னேரம் அம்மா குசினியைக் கழுவி, தாச்சியைத் தேய்த்து, வெறும் கோதுமை மாவும் தண்ணீரும் குழைத்துச் சுடுவாள். வீட்டு அப்பம் வேறு சங்கதி. நத்தார்ப் பண்டிகைக் காலையில் மூப்பர் ஐயா நம் வீட்டுக்கு வந்து, "தங்கச்சி, உங்கட கைக்கு ஒரு ருசி இருக்கு" என்று ஒன்றுக்குமேல் ஒன்றாகச் சாப்பிட்ட பாலப்பம் கள்ளு விட்டுப் புளிக்க வைத்தது. சோடாப் போத்தலில் வாங்கி, பழந்துணியில் சுற்றி, நான்தான் கொண்டுவந்து கொடுத்தேன். ஐயாவுக்கு இது இப்போதுதான் தெரிய வரும். மன்னித்துக்கொள்ளட்டும். புளிப்பு எல்லா இடத்திலும் பாவமாக இருந்ததில்லை என்று சொல்லத்தான் இதை எழுதினேன், உன் அம்மாவைக் காட்டிக்கொடுக்க அல்ல.

அம்மா கண்ணை மூடிய பிறகு அந்த அப்பத்தைச் சுட்டது றூபி. மழையா வெயிலா, காய்ச்சலா, வேலையால் வரப் பிந்தியதா, ஒரு சனிக்கிழமையும் தவறவில்லை. பிறகு அவள் குகனைக் கலியாணம் செய்தாள். சம்பூர்ப் பொடியன், படகு எஞ்சின் திருத்துகிறவன், இடம்பெயர்ந்து முகாமில் வளர்ந்து திரும்பிப் போய்க் குடியிருக்கிற குடும்பம். சைவக் கோயிலில் தாலி கட்டினார்கள். நான் போகவில்லை. மூப்பர்மாருக்கு முடிவெடுக்கத் துணிவு இல்லாமல் உன்னைக் கேட்டார்கள். அவள் வராத ஒரு இரவுக் கூட்டத்தில் நீ கனடாவில் இருந்து திரையில் வந்து பேசினாய். ஒரு சிட்டிகை புளித்த மா முழுப் பிசைவையும் கெடுத்துவிடும் என்றாய். அழுகின விரலை வெட்டாவிட்டால் கை போய்விடும் என்றாய். அவளைத் திருவிருந்தில் இருந்தும் ஐக்கியத்தில் இருந்தும் விலக்க வேண்டும், விலக்கப்பட்டவரோடு சபையார் ஒரே மேசையில் இருந்து சாப்பிடக் கூடாது, சாப்பிட்டால் சாப்பிட்டவரும் விலக்கப்பட்டவரே என்று முடித்தாய். விரலைப் பற்றிச் சொன்ன இடத்தில் நிறுத்தி ஒரு மிடறு தண்ணீர் குடித்தாய். சனம் ஆமென் என்றது. நீ அழுதுகொண்டு சொல்லியிருந்தால் நான் முழுவதையும் நம்பியிருப்பேன். உன் தங்கச்சி அல்லவா அந்த விரல்?

உனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை நடக்கப்போவது அவளுக்குத் தெரியாது. முதல்நாள் வழக்கம்போல வந்து குசினியைக் கழுவி அப்பம் சுட்டு வைத்துவிட்டுப் போனாள். சபை முதலில் அந்த அப்பத்தைப் பிட்டுச் சாப்பிட்டது. நானும் சாப்பிட்டேன். பிறகு மூப்பர் ஐயா எழுந்து அவளை விலக்கியதாக அறிவித்தார். அவள் பின் வரிசை வாங்கில் இருந்து எழும்பி, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, சத்தம் கேட்காமல் வெளியே போனாள். அடுத்த கிழமை அப்பம் சுட ஆள் இல்லை. கடையில் கிறேக்கர் பிஸ்கட் வாங்கினோம். அதில் புளிப்பு உண்டா என்று மூப்பர்மார் இருவர் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள்.

இனி என்னுடைய கதை. நீ மேடையில் சொல்லச் சொன்ன உறுதி எப்படி இருந்தது என்று கேள். கலியாணம் முடிந்து சில மாதம் கழித்து றூபி தனியாக வந்தாள். சம்பூரில் இருந்து மூதூர், கிண்ணியா எல்லாம் சுற்றி பஸ்ஸில், மடியில் ஒரு அடுக்குச் சட்டியை வைத்துக்கொண்டு. நண்டுக் கறியும் சோறும். மேசையைத் துடைத்து எனக்கும் தனக்கும் போட்டாள். நான் என் கோப்பையை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனேன். அடுப்புக்குப் பக்கத்தில் நின்றபடியே சாப்பிட்டேன். சுவருக்கு அந்தப் பக்கம் அவளுடைய காப்பு கோப்பையில் படுகிற சத்தம் கேட்டது. பிறகு, "அப்பா, உப்புக் காணுமே?" என்று கேட்டாள். "காணும், அளவா இருக்கு" என்றேன். அவ்வளவுதான் அன்று நாங்கள் கதைத்தது. இரண்டு கோப்பையையும் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு மூன்று மணி பஸ்ஸுக்குப் போய்விட்டாள். அவள் வயிற்றில் பிள்ளை இருந்தது எனக்குத் தெரியாது. முகத்துக்கு நேரே இருந்து சாப்பிட்டிருந்தால் தெரிந்திருக்கும். அதைச் சொல்லத்தான் அவ்வளவு தூரம் வந்திருக்கிறாள்.

அதைவிடக் கேவலமானது பிறகு நடந்தது. பக்கத்து வீட்டு ரீச்சர் எங்கோ சொல்ல, நான் குசினிக்குள் நின்று சாப்பிட்ட கதை சபைக்குத் தெரிய வந்தது. மூப்பர் ஐயா பிரசங்கத்தின் நடுவில் என்னைக் கை காட்டி, "பாருங்கோ, ஒரு தகப்பன் எப்பிடி நிண்டவர் எண்டு" என்று சொன்னார். சனம் திரும்பிப் பார்த்தது. மகன், எனக்கு அது இனித்தது. அம்மா போன பிறகு யாரும் என்னைத் திரும்பிப் பார்த்ததில்லை. அந்தக் கிழமை முழுவதும் அந்த இனிப்பு வாய்க்குள் இருந்தது. ஆனால் என்னைப் புகழ்ந்த ஒருவர்கூட என் வீட்டுக்கு வந்து என்னோடு ஒரு வாய் சாப்பிடவில்லை. பிள்ளையின் கண்ணீரில் பெயர் வாங்கிக்கொண்டு வாசற்படியில் தனியாக இருந்து பழைய சோறு தின்றேன். வெள்ளையடித்த கல்லறை என்ற படத்தை எத்தனை பிரசங்கத்தில் கேட்டிருப்பேன். உள்ளே என்ன நாறும் என்று இப்போது எனக்குத் தெரியும். ஒருத்தருக்கும் சொல்லாமல் அதையே முகர்ந்துகொண்டு இருந்தேன்.

யோசித்துப் பார். அந்தக் கல்லறைப் படத்தை ஆண்டவர் யாரைப் பார்த்துச் சொன்னார்? வெளியே நின்ற ஆயக்காரனையா, வேசியையா? உள்ளே முன் வரிசையில் உட்கார்ந்திருந்த பக்திமான்களை. வெளியே நின்றவர்களோடு அவர் சாப்பிட்டார், அதற்காகவே ஏச்சும் வாங்கினார். மன்னா எதனால் புழுத்தது? அந்நியன் தொட்டதாலா? தமக்கென்று பொத்தி வைத்ததால். இதெல்லாம் உனக்குத் தெரியாதது அல்ல. கிரேக்கத்திலும் எபிரேயத்திலும் படித்தவன் நீ. நானும் இத்தனை வருடம் வாசித்தவன்தான். வாசிக்கும்போதெல்லாம் அந்தப் படத்துக்குள் வேறு யாரையாவது கொண்டுபோய் நிற்க வைத்துவிடுகிறோம். அதில் உனக்கும் எனக்கும் வித்தியாசம் இல்லை, நீ என் பிள்ளைதான்.

றூபிக்குப் பெண் பிள்ளை பிறந்திருக்கிறது. உனக்கு அவள் சொல்லியிருக்க மாட்டாள், நீ அவளுடைய தொலைபேசி இலக்கத்தைத் தடுத்து வைத்திருக்கிறாய் என்று கேள்விப்பட்டேன். முந்தநாள் குகனுடைய தாயார் எனக்குத் தொலைபேசி எடுத்தார். நான் அவரோடு அதுவரை ஒரு நாளும் கதைத்ததில்லை. "ஐயா, பிள்ளை பிறந்து முப்பத்தொண்டாம் நாள் வாற சனிக்கிழமை. அதுக்கு முதல் உங்களை வரச்சொல்ல ஏலாது, துடக்கு, பிள்ளை பெத்த தீட்டு உள்ள வீட்டில ஆக்கள் கை நனைக்க மாட்டினம். சனிக்கிழமை காலமை துடக்குக் கழிச்சுப்போட்டு மத்தியானம் எல்லாருக்கும் சோறு. நீங்கள் கட்டாயம் வரவேணும்" என்றார். "அம்மா, எங்கட சபையில ஒரு ஒழுங்கு இருக்கு. றூபியோட இருந்து நாங்கள் சாப்பிடுறேல்லை" என்றேன். அவர் கோபப்படவில்லை. "ஓம் ஐயா, பிள்ளை சொன்னவள். எங்களுக்கும் அப்பிடித்தானே, துடக்கு எண்டால் துடக்குத்தான்" என்று சொல்லிவிட்டு, மெய்யாகவே தெரிந்துகொள்ளத்தான், "உங்கட துடக்கு எப்ப கழியும் ஐயா?" என்று கேட்டார்.

"கேட்டுச் சொல்லுறன்" என்று சொல்லித் தொலைபேசியை வைத்தேன். யாரைக் கேட்பது? அன்று முழுவதும் வேதத்தைத் திறந்து வைத்துக்கொண்டு லேவியராகமத்தில் விரலை ஓட்டினேன். பெற்றவளுடைய தீட்டுக்குக் கெடு இருக்கிறது. பிணத்தைத் தொட்டவனுக்கு இருக்கிறது. குஷ்டம் பிடித்தவனுக்கு இருக்கிறது. சுவரில் தோஷம் பிடித்த வீட்டைக்கூட உடனே இடிக்கச் சொல்லவில்லை. பூட்டி வை, ஏழு நாள் கழித்துத் திரும்பி வந்து பார், சுரண்டு, பூசு, பிறகும் பார் என்றிருக்கிறது. ஒரு இடத்தில் என் விரல் நின்றுவிட்டது. குஷ்டரோகி பாளயத்துக்கு வெளியே இருக்கிறான். அவன் சொஸ்தமானானா என்று பார்க்க ஆசாரியன்தான் பாளயத்தை விட்டு வெளியே போக வேண்டும். நடந்து போய், அவனுக்குக் கிட்ட நின்று பார்க்க வேண்டும். றூபியை யார் போய்ப் பார்த்தது? மூப்பர் ஐயா போனாரா? நீ போனாயா? நான் மலையில் ஏறி நின்று பார்த்தேன். சம்பூரில் ஒரு ஓலைப் பந்தலுக்குக் கீழ், நாம் அஞ்ஞானிகள் என்று சொல்கிற சனம், தங்கள் துடக்கு எந்த நாளில் கழியும் என்று கணக்காக வைத்திருக்கிறது. நாம் என் பிள்ளையை வெளியே விட்டுவிட்டுக் கெடு வைக்கவே மறந்துபோனோம்.

நான் விசுவாசத்தை விட்டுவிட்டேன் என்று சபை பயப்பட வேண்டாம். ஞாயிறு தவறாமல் வருவேன். உள்ளே விடாவிட்டால் மண்டபத்துக்கு வெளியே நின்று பாட்டுக் கேட்பேன், என் காதை யாரும் விலக்க ஏலாது. அவள் செய்த கலியாணம் எனக்குச் சந்தோசம் என்று பொய்யும் சொல்ல மாட்டேன். அவள் நம் வீட்டில் வெள்ளை உடுப்போடு நிற்க வேண்டும் என்று ஆசைப்பட்டவன்தான் நான். அந்த ஏக்கம் இன்னும் இருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் என் ஏக்கத்துக்காக ஒரு பிள்ளை சுவருக்கு அந்தப் பக்கம் தனியே இருந்து சாப்பிட வேண்டியதில்லை. வருகிற சனிக்கிழமை காலை பஸ்ஸில் நான் சம்பூருக்குப் போகிறேன். வேட்டி தோய்த்துக் காயப் போட்டாயிற்று. பிள்ளைக்கு ஒரு வெள்ளிக் கொலுசு வாங்கினேன். அவர்கள் வீட்டில், என் மகளுக்கு முன்னால் இருந்து, கை நனைப்பேன். பேத்தியைத் தூக்கத் தருவார்களா தெரியாது. தந்தால் தூக்குவேன். இதுதான் என்னுடைய சாட்சி, நீ ஞாயிற்றுக்கிழமை மேடையில் எனக்காகப் போட்டு வைக்கிற கதிரைக்கு இதைத் தவிர என்னிடம் வேறு ஒன்றும் இல்லை.

உனக்கு நான் புத்தி சொல்லும் வயது போய்விட்டது. ஒன்றை மட்டும் சொல்கிறேன். சனத்துக்கு முன்னால் கெட்டுப்போனதைப் பற்றிப் பேசுவது உனக்கு நன்றாக வருகிறது. குரல் இருக்கிறது, படிப்பு இருக்கிறது. அந்தக் குரலை இனி ஒரு மனுசர் மேல் வைக்கும்போது, முதலில் அவருடைய வீட்டு வாசலில் போய் நின்று பார்த்துவிட்டு வை. பார்க்காமல் பேசப் பேச அது இனிக்கும். அந்த இனிப்பு எனக்கு ஒரு கிழமைதான் இருந்தது, உனக்கு ஒவ்வொரு ஞாயிறும் கிடைக்கிறது. உனக்காக நான் பயப்படுகிறேன், மகன்.

சனிக்கிழமை பின்னேரம் நீ கொழும்பில் இருந்து வான் வண்டியில் வந்து சேர்வாய். அதற்கு முன் நான் சம்பூரில் இருந்து திரும்பிவிடுவேன். விலக்கப்பட்டவரோடு சாப்பிட்டவரும் விலக்கப்பட்டவர் என்று நீயே சொன்னபடியால், நீ படலையைத் திறக்கும்போது நானும் விலக்கப்பட்டவனாகத்தான் நிற்பேன். என்னோடு இருந்து நீ சாப்பிடக் கூடாது. சாப்பிட்டால் நீயும் அதேதான், அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை மேடையில் எப்படி ஏறுவாய் என்று எனக்குத் தெரியாது. இதை உன்னை மடக்கச் செய்யவில்லை. ஒரு பிள்ளையோடு சாப்பிடப் போய் மற்றப் பிள்ளையை இழந்துவிடுவேனோ என்று நான் பயந்துகொண்டுதான் எழுதுகிறேன். எனக்கு இரண்டு பேரும் வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை.

இடியப்பத்துக்குச் சொல்லி வைத்திருக்கிறேன், சொதி நான் வைப்பேன், மீனும் பொரிப்பேன். வாசற்படி வேண்டாம், மேசையைத் துடைத்து இரண்டு கோப்பை வைப்பேன். இதற்குப் பதில் எழுதாதே, தொலைபேசியிலும் விளக்கம் சொல்லாதே. ஹபரணையில் வான்காரர் சாப்பாட்டுக்கு நிறுத்துவார். நீ இறங்காதே. பசியோடு வா.

அப்பா